சிவப்பு நூல் கட்டிய செடி

ஒன்பதாம் வகுப்பில் மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் இசக்கியம்மாள் வந்து நின்றார். ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டங்களில் களை எடுக்கிறவர். வேலை நாளில் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறவர் அல்ல. கணுக்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"காஜா அண்ணாச்சி போயிட்டாவ டீச்சர். கடையில உக்காந்த வாக்குல போயிட்டாவளாம். தோட்டத்து மொதலாளி வீட்டுக்கு போன் வந்துச்சு."

எனக்கு ஏன் யாரும் போன் செய்யவில்லை என்று ஒரு கணம் கோபம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து நம்பரை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கையில் சாக்பீஸோடு அவர் கடை இருந்த மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறியிருக்கிறேன். இறங்கும்போது இசக்கியம்மாள்தான் அதைப் பிடுங்கி எறிந்தார்.

இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கு அவர் நூல் கடை காஜா மைதீன். கைலி நெய்கிறவர்களுக்குச் சாய நூல் விற்றவர், பதிமூன்று வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அவர் எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் வீட்டாருக்கே முதலில் தெரியாது. இசக்கியம்மாளும் நானும் அவரும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே வாய்க்கால் கரையில் கீரை தேடிக்கொண்டிருந்தோம். விதைத்து வளர்க்கிற கீரை இல்லை. தானாக முளைத்து, மற்றவர்கள் மிதித்துவிட்டுப் போகிற கீரை.

நாங்கள் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆறு கொண்டுவந்து போட்ட மணலில், அதுவரை அந்தக் கரையில் பார்த்திராத செடியெல்லாம் முளைத்திருந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு இசக்கியம்மாளோடு மல்லுக்கு நின்றார்.

"இது குப்பைக்கீரதாம்மா. நான் சின்னப்புள்ளையில தின்னுருக்கேன்."

"அண்ணாச்சி, நான் இத தெனைக்கும் புடுங்குதேன். இது பண்ணைக்கீர. பூ வந்தா வெள்ளையும் செவப்புமா கதிர் விடும்."

நான் தாவரவியல் டீச்சர். வாயை மூடிக்கொண்டு போக முடியுமா? லத்தீன் பெயரைச் சொல்லி, இசக்கியம்மாள் சொல்வதே சரி என்று தீர்ப்பு வழங்கினேன். ஜிப்பாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தோற்ற முகமாகவே இல்லை.

"நல்லதாப் போச்சு. ஆமா, ருசி எப்படி இருக்கும் டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், தண்டைக் குறுக்கே வெட்டிப் படம் வரையச் சொல்வேன், வாயில் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் கீரை என்றால் கடைத்தெருவில் வாங்குகிற அரைக்கீரையும் முளைக்கீரையும்தான். அவர் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஒரு தூக்குச்சட்டியில் பண்ணைக்கீரைக் கடைசலைக் கொண்டுவந்து, கரையிலேயே என்னைச் சாப்பிட வைத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சட்டியை வழித்தேன்.

கீரைமேல் அவருக்கு அப்படி என்ன பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். "பதிமூணு வருசம் டின்னுல அடைச்சதத் தின்னேன். எல்லாரும் ஊருக்குப் போனா பிரியாணி திங்கணும்பானுவ. எனக்குக் கனவுல வாய்க்காக்கரைதான் வரும்," என்றார்.

சீட்டு எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. புதிய சாயம் பழைய சாயத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, கடையில் இரண்டு நெசவாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாராம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. அதே முறை இங்கேயும். ஒரு செடியைக் கண்டால் மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பி நின்று, அதன் பெயரைச் சீட்டில் எழுதுவோம். இசக்கியம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கும். மூன்று சீட்டும் ஒத்தால் செடி பைக்குள் போகும். ஒன்று பிசகினாலும் தரையிலேயே நிற்கும். இரண்டு வருடம் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. எனக்குத்தான் அதிகம்.

அதன் பிறகு நடந்ததை எழுதாமல் இந்த அஞ்சலியை முடித்துவிடலாம். அது அவருக்குப் பிடித்திருக்காது.

ஐப்பசி மழை விட்டு வெறித்த ஒரு ஞாயிறு, பொழுது சாய்கிற நேரம். கரை முழுக்கத் தரையோடு படர்ந்த ஒரு செடி, சிவந்த தண்டும் சின்னதும் பெரிதுமாக ஜோடி இலைகளும். மூக்கிரட்டை அப்படித்தான் இருக்கும். சாரணையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். மூக்கிரட்டை நல்ல கீரை. சாரணை முற்றினால் வயிற்றைப் புரட்டிவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்பார்கள். பூ இருந்தால் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். அன்று பூ இல்லை. இலையின் அடிப்பக்கம் மூக்கிரட்டைபோல வெளிறி இருந்ததா, சாரணைபோலச் சதைப்பற்றாக இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் அண்ணாச்சி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மூக்கிரட்டை என்று எழுதினேன். மூன்று சீட்டும் ஒத்துப்போயின. அன்று பறித்தது முழுக்க அண்ணாச்சியின் பைக்குள் போனது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. அந்த நம்பருக்கு அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"டீச்சர், மருமவ மும்தாஜுக்கு ராத்திரியிலேருந்து வாந்தியும் பேதியும். எனக்கும்தான், எனக்குத் தேவலை. அவளுக்கு இது ஆறாம் மாசம். என்ன கீர தின்னியன்னு டாக்டர் கேக்குதாரு. நாம எழுதுன பேரைத்தான் சொல்லியிருக்கேன். சரிதானா டீச்சர்?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் பிடித்தேன். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. நாங்கள் பறித்தது போக மீதியிருந்த செடிகளில், இலைக்கும் தண்டுக்கும் இடையிலான இடுக்கில், சின்னச் சின்ன வெளிர்ப் பூக்கள் விரிந்திருந்தன. காலையில் மட்டும் விரிகிற பூ. சாரணை. மூக்கிரட்டையாக இருந்தால் மெல்லிய காம்பு நீண்டு, அதன் நுனியில் அடர்ந்த ரோஜா நிறத்தில் பூத்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னோடு இசக்கியம்மாளும் வந்தார்.

டாக்டர் செடியை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சி வராந்தா பெஞ்சில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுடையது அண்ணாச்சி. எனக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "நானா? எனக்கே உறுதி இல்லையேம்மா. நீங்க பேனாவ எடுத்த வேகத்தப் பாத்துட்டு, டீச்சர் கண்டுக்கிட்டாவன்னுல்லா எழுதுனேன்."

இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கும் தண்டு ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் டக்குனு எழுதுதியளே, நாம என்னத்தக் கண்டோம்னு நானும் எழுதிட்டேன்."

மூன்று பேருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. மூன்று பக்கம் திரும்பி நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறோம். இப்படி ஒரு கூத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

மும்தாஜ் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மூன்று நாளும் நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று தெரியவில்லை. தை மாதம் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அண்ணாச்சி கடைத்தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். ஆனால் மும்தாஜ் அதன் பிறகு கீரையைத் தொடவில்லை. சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையைக்கூட. மாமனாரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவர் கீரைப் பையோடு நுழைந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான்.

இதோடு வழக்கம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நான் நிறுத்தியும்விட்டேன். ஒரு மாதம் கழித்து அவர் இசக்கியம்மாளோடு என் வீட்டு வாசலில் நின்றார். சட்டைப்பையில் சீட்டுக்கட்டு, கையில் கடையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நூல்கண்டு.

"இனிமே ஒரு சட்டம் டீச்சர். சந்தேகம் இருந்தா 'தெரியல'ன்னு எழுதணும். ஒரு சீட்டுல அது இருந்தாலும் செடியத் தொடக்கூடாது. இந்த நூலக் கட்டிட்டு வந்துருவோம். பூ வரட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

"டீச்சரா இருந்துக்கிட்டுத் தெரியலன்னு எழுதணுமாக்கும்?" என்று இசக்கியம்மாள் என்னைச் சீண்டினார்.

"அவங்கதான் மொதல்ல எழுதணும்," என்றார் அண்ணாச்சி.

அன்று கரையில் 'தெரியல' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் மற்றச் சீட்டுகளைப்போல வாய்க்காலில் போடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் 'தெரியல' சீட்டையும் அவர் எறிந்ததில்லை. கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருப்பதாகச் சொல்வார். நாங்கள் நம்பவில்லை.

இந்த நாலு வருடத்தில் நூல் கட்டிய செடிகள் எத்தனையோ. சிலது பூத்துத் தன் பெயரைச் சொன்னது. சிலதை ஆடு மேய்ந்தது. சிலவற்றைக் களைக்கொல்லி அடித்துக் கருக்கினார்கள். குருணைப் பூச்சிமருந்து போட்ட வாழைக்குள் எதையும் பறிக்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். "செடி நல்லதுதான், அது குடிச்ச தண்ணி என்னன்னு நமக்குத் தெரியுமா?" என்பார். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அந்தப் புள்ள திரும்பவும் கீரைய நம்பணும் டீச்சர். என்னைய நம்பாட்டியும் பரவாயில்ல." அவர் மும்தாஜைச் சாப்பிடச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. தன் கீரையைத் தானே கொல்லையில் கடைந்து, தானே தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவி வைப்பார்.

அடக்கம் முடிந்த அன்று, மும்தாஜ் என்னையும் இசக்கியம்மாளையும் கடைக்குள் அழைத்துப்போய் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். நிஜமாகவே நிறைய இருந்தது. பாதிக்கு மேல் அண்ணாச்சியின் கையெழுத்து.

"மாமாவுக்கு இவ்வளவு தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சுதும்மா," என்றார் இசக்கியம்மாள்.

மும்தாஜ் டின்னை மூடி வைத்தார். நாற்பது நாள் கழித்து, போன ஞாயிறு, நாலு வயது மகளைத் தன் தாயாரிடம் விட்டுவிட்டு, ஸ்ரீவைகுண்டம் பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினார். தோளில் அண்ணாச்சியின் பை.

மூன்று பேரும் கரைக்குப் போனோம். அவர் கடைசியாக நூல் கட்டிய செடி வாய்க்கால் மடைக்குப் பக்கத்தில் படர்ந்து கிடந்தது. நூலின் சிவப்பு வெளுத்திருந்தது. செடி பூத்திருந்தது: நீண்ட மெல்லிய காம்பு, நுனியில் அடர்ந்த ரோஜா நிறம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கிரட்டை. சந்தேகமே இல்லை.

மும்தாஜிடம் சீட்டு கொடுத்தேன். மூன்று பக்கம் திரும்பினோம். அவர் குனிந்து இலையைப் புரட்டி, தண்டை நகத்தால் கீறி, பூவை முகர்ந்து, வெகுநேரம் பார்த்தார். சீட்டுகளைப் பிரித்தோம். என்னுடையதில் மூக்கிரட்டை. இசக்கியம்மாளுடையதிலும் அதுவே. மும்தாஜ் எழுதியிருந்தது: தெரியல.

இலையின் அடியைக் காட்டி விளக்க எனக்கு நாக்கு துடித்தது. இருபது வருடத்துப் பழக்கம். இசக்கியம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே பேர எழுதியிருக்கிய. சரியாத்தான் இருக்கும்," என்றார் மும்தாஜ். "ஆனா எனக்கு இன்னும் தெரியல டீச்சர். அடுத்த வாரமும் வாரேன். நானே பாத்துக் கண்டுக்கிடுதேன்." பையிலிருந்து புது நூல் எடுத்து, பழைய நூலுக்குப் பக்கத்திலேயே கட்டினார்.

செடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அண்ணாச்சி இருந்திருந்தால் மூன்று சீட்டில் எதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை நான் வைத்திருக்கிறேன்.