டவர் கிடைக்காத சூளை

பூங்கோதையின் காது ஊருக்குப் பொதுக் காது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று கண்டுபிடித்த அத்தனை பேரும் அந்தக் காதில் வந்து குடியேறிவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து சீவுகிற அம்சவல்லி, டிபன் டப்பாவைக் கீழே வைக்கும்போதே மாமியாரைத் திட்ட ஆரம்பிப்பாள். அது முடிவதற்குள் திட்டக்குடியில் வாக்கப்பட்டிருக்கிற நாத்தனார் வேல்விழி பூங்கோதைக்குப் போன் போட்டு அழுவாள். பூங்கோதையின் புருஷன் திருமால் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஜங்ஷனில் சவாரி கிடைக்காத நேரமெல்லாம் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, சவாரி கிடைத்த மற்ற ஆட்டோக்காரர்களைத் திட்டுவான். சாயங்காலம் வூடு திரும்பினால் பிளஸ் டூ படிக்கிற மகள் வெண்பா, "எம்மா, எனக்கு பிசிக்ஸ் வரவே வராதும்மா" என்று மடியில் விழுவாள்.

எல்லாவற்றுக்கும் பூங்கோதை "ம்" கொட்டுவாள். அவள் கொட்டுகிற "ம்"முக்கு ஒரு ராசி உண்டு. சொன்னவர்கள் பாரம் இறங்கி, தலையை முடிந்துகொண்டு போய்விடுவார்கள். இறக்கிய பாரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கார்த்திகைக்கு முந்தின மாதம் அது தெரிந்தது. படுத்தால் தூக்கமில்லை. நெஞ்சு ரைஸ்மில் மாதிரி அடித்துக்கொண்டது. குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று நினைவு வராமல் அடுப்படியில் நின்று அழுதாள். ஒருநாள் வேல்விழியின் அழுகையைக் கேட்டபடியே பிள்ளையார்களைச் சீவிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், பலகையில் இருந்த ஒரு பிள்ளையாருக்கும் தும்பிக்கை இல்லை. பிசிறு என்று நினைத்து அதையே சீவித் தள்ளியிருக்கிறாள்.

முதலாளி ராஜமாணிக்கம் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏம்மா, இத என்னா சாமின்னு நான் விக்கிறது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? போயி டாக்டரப் பாரு மொதல்ல" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"ஹார்ட்டு நல்லா இருக்கும்மா. மனசுதான் களைச்சுப் போயிருக்கு. ஒங்களுக்குன்னு நேரம் எடுத்துக்கிறீங்களா?"

"எனக்குன்னாங்க?"

"யார்கிட்டயும் பேசாம, போன் இல்லாம, தினம் ஒரு அரை மணி நேரம்."

"அந்த நேரத்துல என்னா செய்யணுங்க?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. மூச்ச மெதுவா இழுத்து விட்டுக்கிட்டு சும்மா ஒக்காருங்க. அப்பவும் தூக்கம் வரலன்னா வாங்க, மனநல டாக்டர்கிட்ட எழுதித் தரேன்."

"சும்மா ஒக்காந்தா எங்கூட்டுல ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு வந்துடுவாங்க டாக்டர்" என்றாள் பூங்கோதை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாத்திரை என்றால் முழுங்கிவிடலாம். அரை மணி நேரத்தை எங்கே போய் வாங்குவது? வூட்டில் இருந்த ஒரே தாழ்ப்பாள் கக்கூஸ் தாழ்ப்பாள். உள்ளே போய் மூச்சை மெதுவாக இழுத்தாள். அந்த இடத்தில் அதற்குமேல் இழுக்க முடியவில்லை. அதற்குள் திருமால் கதவைத் தட்டினான். "என்னாடி, உள்ளயே தூங்கிட்டியா?"

பழமலைநாதர் கோயிலுக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தெருக்காரி ஒருத்தி கண்டுபிடித்து வந்துவிட்டாள். "தனியா ஒக்காந்திருக்கியே, என்னாடி கஷ்டம்? எல்லா வூட்லயும் இருக்கிறதுதான். எங்கூட்டுக் கதையக் கேளு!" கேட்டாள். வேறு என்ன செய்வாள்.

கார்த்திகை அகல் விளக்கு ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்த மழைநாளில்தான் வழி பிறந்தது. ஆறின சூளையிலிருந்து சரக்கை இறக்கிவிட்டிருந்தார்கள். மூலையில் உருண்டு கிடந்த ஒரு அகலை எடுக்கக் குனிந்து உள்ளே போனாள் பூங்கோதை. காதில் வேல்விழி. "அண்ணி, இவரு என்னா சொன்னாரு தெரியுமா..." என்று ஆரம்பித்தவள் டக்கென்று நின்றுபோனாள். போனில் டவர் கோடு ஒன்றுகூட இல்லை. சுற்றி முழம் கனத்துக்குச் செங்கல், அதற்கு வெளியே இரும்புத் தகடு. எந்த டவராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

வெளியே சில்லென்று மழை. உள்ளே, சோறு வடித்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இளஞ்சூடு. பூங்கோதை அப்படியே உட்கார்ந்தாள். நாத்தனார் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமலேயே உலகம் நடந்துகொண்டிருந்தது. அது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து சூளை காலியாக இருக்கிற நாளெல்லாம், சாப்பாட்டு நேரத்தில் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தூக்கம் மெல்லத் திரும்பியது. பிள்ளையார்களுக்குத் தும்பிக்கையும் திரும்பியது.

அம்சவல்லியின் கண்ணுக்கு இது தப்புமா? "உள்ள போறப்ப மொகம் தொங்கிக்கிட்டுப் போவுது. வெளிய வர்றப்ப கிளேஸ் பூசிச் சுட்ட பொம்ம மாதிரி மின்னிக்கிட்டு வருது. என்னா விசயம்னே தெரியல" என்று நாலு பேரிடம் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அவளுக்கு வயிறு உப்பிவிடும். நாலு பேர் நாற்பது பேராகி, கதை ஜங்ஷன் டீக்கடையில் திருமாலிடம் போய்ச் சேரும்போது, சூளைக்குள் ஒரு ஆம்பளையும் இருந்தான்.

திருமால் போன் போட்டுப் பார்த்தான். "நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றது. நேற்றும் இதே நேரத்துக்கு அதுதான் சொன்னது. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு பேட்டைக்குப் பறந்தான்.

யாரையும் கேட்காமல் சூளைக் கதவை இழுத்தான். உள்ளே செருப்பைத் தலைக்கு வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, சுவரோரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் பூங்கோதை. நான்கு மூலையும் பார்த்தான். அங்கே ஒளிய ஒரு பல்லிக்குக்கூட இடமில்லை.

"என்னாடி பண்ற இங்க?"

அவள் விழித்து, எழுந்து உட்கார்ந்தாள். "சும்மா இருக்கேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாங்க. டாக்டரு சொன்னாங்க. நம்ம வூட்ல எடமில்ல. கோயில்ல எடமில்ல. இங்க இருக்குது."

திருமால் திட்டுவதற்கு ஏதாவது தேடினான். கால் வலித்ததால் உட்கார்ந்து தேடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தான். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இங்க யாரும் கூப்புட முடியாதா?"

"முடியாது."

"ஆட்டோ தவணை கேக்குற ஃபைனான்ஸ்காரன்கூட?"

"யாருமே."

அவனும் சுவரில் சாய்ந்துவிட்டான். கதவருகே ராஜமாணிக்கத்தின் சத்தம் கேட்டுத்தான் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"யோவ், என்னாய்யா குடும்பத்தோட குடிவந்துட்டீங்க? பொம்ம வேவுற எடம்யா இது! எவனாவது ஆளிருக்குன்னு தெரியாம கதவச் சாத்திப் பத்த வச்சா என்னாய்யா ஆவறது? இனிமே யாரும் உள்ள கால வச்சீங்க, நானே கொளஞ்சியப்பர் கோயில்ல ஒங்க மேல பிராது எழுதிக் கட்டிடுவேன்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருமால்கூடத் தலையாட்டினான். எப்போதும்போல் பூங்கோதை "ம்" என்றுவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த "ம்"மைச் சொன்னால் நாளைக்குத் தூக்கம் போகும், நாளை மறுநாள் தும்பிக்கை போகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மொதலாளி, இந்தச் சூள வேணாங்க. ஆனா எனக்கு அரை மணி நேரம் வேணும். ஒரு எடமும் வேணும்."

பத்து வருசமாகப் பார்க்கிற ராஜமாணிக்கம், அவள் வாயிலிருந்து "வேணும்" என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டார். காதைச் சொறிந்தார். "பின்னால அந்தப் பழைய சூள இருக்குது. கதவே கெடையாது, பத்த வக்கவும் முடியாது. கோழி முட்ட வக்கிது. கூட்டிக்கிட்டு ஒக்காரு, போ" என்றார்.

அன்றைக்கே கூட்டினாள். கோழி கொஞ்சம் கோபித்துக்கொண்டு, பிறகு ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்குக் கதை சொல்லத் தெரியாததால் தொந்தரவு இல்லை. ஒரே குறை, கதவில்லாத வாசல், வெடித்த சுவர் வழியாகவெல்லாம் டவர் வந்துவிடுகிறது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் போனை அம்சவல்லியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள் பூங்கோதை.

மணி அடித்தால் அம்சவல்லிக்குக் கை பரபரக்கும்.

"யாரு, திட்டக்குடியா? அக்கா சும்மா இருக்காங்கம்மா. ஆமா, தெனம் இந்த நேரத்துக்கு சும்மாதான் இருப்பாங்க. அரை மணி கழிச்சுப் போடு" என்பாள். பிறகு டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் வாகாகச் சாய்ந்துகொள்வாள்.

"அதுவரைக்கும் எங்கிட்ட சொல்லு. ஒன் வூட்டுக்காரரு அப்பறம் என்னா சொன்னாரு?"