எலும்பு கழுவும் வாசுகி

வாளியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் வாசுகி பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்க்கிறார். அங்கே காயும் சட்டைகளின் கைகள் செம்பனைத் தோட்டத்துப் பக்கமாக ஆடினால் மூடி திறக்கும். வீடுகளின் பக்கமாக ஆடினால், கல்லை மறுபடி மூடிமேல் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஊறுகிற எலும்பின் நாற்றம் லேசுப்பட்டதல்ல. ஒரு தடவை அது பக்கத்து வீட்டு மதியச் சாப்பாடு வரைக்கும் போய்விட்டது. அந்தப் பெண்மணி வேலியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் பேசிய பேச்சை, ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கில் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் யாரும் இன்னும் மறக்கவில்லை.

தோட்டத்து ஓரங்களில் லாரி அடித்துச் செத்துக் கிடக்கும் மாடு, ஆடு, காட்டுப்பன்றி இவற்றின் எலும்பும் கொம்பும் பல்லும்தான் வாசுகியின் சரக்கு. அவர் கைக்கு வந்தபின் அவை பித்தானாகும், கொண்டை ஊசியாகும், கத்திப்பிடியாகும், கழுத்தில் தொங்கும் பதக்கமாகும். ஜொகூர் பாருவின் வார இறுதிச் சந்தையில் அவற்றை வாங்கிப் போகிறவர்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு வழவழப்பு என்கிறார்கள். வழவழப்புக்கு முன்னால் இருந்த புழுவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, வாசுகியும் சொல்வதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அரசாங்க மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கிக் கட்டிக் கொடுத்தவர். அந்தக் கண்டிப்பு கையை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கமலநாதன் போனில் கூப்பிட்டு, "அக்கா, ஒரு பன்னி கெடக்கு, வரீங்களா?" என்றால், இவர் கேட்கும் முதல் கேள்வி: "அடிபட்டுச்சா, தானா செத்துச்சா?" தானாகச் செத்ததை, அது யானைத் தந்தமாக இருந்தாலும், தொடமாட்டார். என்ன நோய் கண்டதோ யாருக்குத் தெரியும்? யானை, முள்ளம்பன்றி, இருவாச்சி என்று சட்டம் காக்கிற எதுவானாலும் வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தன் சோலியைப் பார்ப்பார்.

செத்த உடனே எடுக்கவும் மாட்டார். மேலே கூடையைக் கவிழ்த்து, கல்லை ஏற்றி, எறும்புக்கும் புழுவுக்கும் விட்டுவிடுவார். "அதுங்க தின்னுட்டுப் போவட்டும். நமக்கு முன்னால அதுங்களுக்குத்தான் பங்கு" என்பார். பிறகுதான் முகமூடி, கையுறை, சிவப்புப் பெயிண்ட் அடித்த வாளி. தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பது, பாத்திரம் கழுவும் சோப்பில் கொழுப்பை இறக்குவது, கடைசியில் பெராக்சைடில் வெளுக்கவைப்பது. பிளீச் ஊற்றினால் எலும்பு மாவாக உதிரும். கொதிக்கவைத்தால் கொழுப்பு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் கேட்டுவிட்டும் கமலநாதன் ஒரு பன்றிப்பல்லை மனைவியின் பொங்கல் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தார். பல் வெடித்தது. அந்தப் பானையை அவர் மனைவி தோட்டத்து வாய்க்காலில் வீசினாள். கமலநாதன் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டார்.

சிவப்பு வாளி, சிவப்பு வாளிக்கென்று ஒரு பிரஷ், கொல்லையில் தனிக் குழாய். சமையலறைக்குள் ஒரு எலும்புத் துண்டு வந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுவந்து போடும் செத்த எலியை எடுப்பதில்கூட அவருக்கு ஒரு முறை உண்டு. கையுறை போட்ட உள்ளங்கையில் எலியை எடுத்து, அதே கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி எலிக்கு மேலாகவே உரித்துவிடுவார். அதை மறு கையில் பிடித்து, அந்தக் கையுறையையும் அதற்கு மேலே உரிப்பார். எலி இரண்டு உறைக்குள் மூட்டையாகிவிடும். எடுத்தவர் விரலில் ஒன்றும் பட்டிருக்காது. தொடக் கூடாததை அப்படித்தான் எடுக்க வேண்டும்.

இத்தனை சுத்தம் பார்த்தும் அவர் வீட்டில் மருமகள் கை நனைத்ததில்லை. மகன் செல்வா சிங்கப்பூரில் வேலை செய்கிறான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் குடியிருக்கிறான். கல்யாணமாகி வந்த தீபாவளியிலிருந்து லோஷினி இந்த வீட்டுக்குத் தண்ணீர் பாட்டிலோடுதான் வருகிறாள். சாப்பாட்டை வரும் வழியில் சிம்பாங் ரெங்கத்திலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "வயிறு ஃபுல்லா இருக்கு அத்தை" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவாள். செத்ததைத் தொடுகிற வீட்டில் கை நனைக்காதே என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருப்பது வாசுகிக்குத் தெரியும்.

"பன்னிப் பெரட்டல் வச்சா எலும்ப உறிஞ்சித் தட்டுல தட்டுறாங்க. அதே எலும்ப நான் களுவுனா தீட்டு" என்று கமலநாதனிடம் ஒரு நாள் வெடித்தார். கமலநாதன் வீட்டிலும் அப்படித்தான்.

இந்த வருடம் செல்வா போன் செய்தான். "மா, லோஷினிக்கு பர்த்டே வருது. உங்க கையால ஒன்னு செஞ்சி குடுங்க."

உங்க கையால. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாசுகி எத்தனை கோட்டை கட்டினார்! சேர்த்து வைத்திருந்ததில் நல்ல பன்றிப்பல்லாக, பிறைபோல் வளைந்ததாக, ஒரு கீறல் இல்லாததாகத் தேர்ந்தெடுத்தார். வெயில் காட்டாமல் நிழலிலேயே உலரவிட்டார். தூசி பறக்காதபடி தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். கறுப்புக் கயிற்றில் கோத்து, மருத்துவமனையில் கருவிப் பொட்டலங்களுக்குப் போடும் முடிச்சைப் போட்டார். ஒரு நுனியை இழுத்தால் இறுகும். மற்றதை இழுத்தால் சட்டென்று அவிழும். பிறந்தநாளுக்கு முன்னால் செல்வா வந்து வாங்கிக்கொண்டு போனான். என் கையால் செய்ததைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவள் என் கையால் ஒரு வாய் டீ குடிக்கமாட்டாளா? அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

தீபாவளியன்று ஆட்டுக்கறி வைத்தார், முறுக்கு சுட்டார், புதிதாக வாங்கிய கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து வைத்தார். லோஷினி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். காலைத் தொடுவதற்கு ஒன்றும் தடையில்லை போலிருக்கிறது. அவள் குனிந்தபோது கழுத்திலிருந்து அந்தப் பிறை முன்னால் வந்து ஆடியது. வாசுகிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"நல்லாருக்கேம்மா. ஏது?" என்றார். அவள் வாயால் கேட்க ஆசை.

"பாலித் தீவுல வாங்கிட்டு வந்தாரு அத்தை, கம்பெனி டிரிப் போனப்ப. அங்க எல்லாம் கையாலயே செய்யிறாங்களாம். என்னா கிளீன் தெரியுமா? ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க."

வாசுகி மகனைப் பார்த்தார். செல்வா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனின் திரை அணைந்து கிடந்தது.

"எலும்புதானம்மா அதுவும்."

"அது வேற லா அத்தை. அவங்க ப்ராப்பரா செய்யிறவங்க." அவள் கண் ஒரு நொடி கொல்லைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதுலாம் கெலி. பாத்தாலே கொமட்டும்."

கோப்பைகளில் டீ ஆறிக்கொண்டிருந்தது. லோஷினி தன் பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு குடித்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? அவள் பயந்தாள்; பயத்தை மறைக்கவும் இல்லை. பெற்ற பிள்ளை தாயின் கையை எடுத்து ஏதோ ஒரு தீவுக்காரன் கை என்று சொல்லிவிட்டான். அதுதான் ஆறவில்லை.

"ஒரே ஒரு பிரச்சன அத்தை" என்றாள் லோஷினி, கழுத்துக்குப் பின்னால் விரலைவிட்டு நெருடியபடி. "இந்த முடிச்ச அவுக்கவே முடிய மாட்டேங்குது. இழுக்க இழுக்க டைட்டாவுது. இவரும் பாத்துட்டாரு. குளிக்கறப்பகூட கழுத்துலதான் கெடக்கு. வெட்டவும் மனசு வரல."

"திரும்பு, நான் அவுத்து விடுறேன்."

வாசுகி கையை நீட்டினார். லோஷினியின் தோள் தன்னையறியாமல் கொஞ்சம் விலகியது.

நீட்டிய கையை வாசுகி மடக்கிக்கொண்டார். கொல்லைக்குப் போனார். புதுப் பெட்டியிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் லோஷினியின் முகம் தெளிந்தது. "தேங்க்ஸ் அத்தை" என்று கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கையோடு கழுத்தைக் காட்டினாள்.

வாசுகி முடிச்சைத் தேடவில்லை. ஒரு நுனியை இழுத்தார். கயிறு அவிழ்ந்து பிறை அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"எப்டி அத்தை!" என்று லோஷினி சிரித்தாள்.

செல்வாவின் தலை நிமிர்ந்தது. "மா..." என்றான்.

வாசுகி பிறையை உள்ளங்கையில் மூடினார். மணிக்கட்டில் பிடித்து அந்தக் கையுறையை அதற்கு மேலாகவே உரித்தார். அடுத்த கையுறையையும் அதற்கு மேலே உரித்தார். வெறும் விரலால் அந்தச் சின்ன மூட்டையை எடுத்து, மகனின் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.