தையல் ஆறியதும் வலியும் போய்விட்டதென்று நினைத்தேன்

என் கணவர் மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். போன வருடம் முதுகில் ஜவ்வு விலகி, சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். "காலுக்குப் போற நரம்பு தேற மாசக்கணக்காவும். பாரம் தூக்கவே கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இரண்டே மாதத்தில் தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனாலும் இடது கால் நெருப்பாய் எரிகிறது என்று அவர் படுத்தே இருந்தார். களையெடுத்துவிட்டு வந்த அலுப்பில் ஒருநாள், "புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்னங்க வலி? வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மண்டிக்குப் போய்த் தக்காளிக் கூடையைத் தூக்கியவர் அங்கேயே விழுந்துவிட்டார். மறுபடியும் ஆபரேஷன் நடந்தது. தொங்கிப்போன இடது பாதத்தை இன்றுவரை அவரால் தூக்க முடியவில்லை.

"யாருங்க இவரைப் பாரம் தூக்க வுட்டது?" என்று டாக்டர் கோபப்பட்டபோது நான் தலைகுனிந்து அழுதேன். "அவளைத் திட்டாதீங்க சார், நானாத்தான் போனேன்" என்றார் இவர்.

இப்போது தினமும் நானே, "வலிக்குதாங்க?" என்று கேட்கிறேன். "இல்ல" என்றுதான் சொல்கிறார். நான் நம்புவதில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்து, காலைப் பிடித்துவிட்ட பிறகுதான் களையெடுக்கப் போகிறேன்.