ஆளுக்கு ஒரு ஆஸ்பிரின்

செல்லூரில் நர்ஸாக வீடு வீடாகப் போய் வந்த காலத்தில் எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தவர் ஒரு நியாயமான மாமியார். கொடுமைக்கார மாமியாரைக் கூடச் சமாளித்துவிடலாம்.

பேச்சியம்மாள் வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் கர்ப்பம். மூத்தவள் முத்துமாரியின் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் பி.பி. எகிறி வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் இந்த முறை பி.பி. ஏறாமலிருக்க, மூன்று மாதம் முடிந்ததும் தினமும் ராத்திரி ஆஸ்பிரின் போடச் சொல்லி டாக்டர் எழுதினார், சின்ன மாத்திரையில் இரண்டு. இளையவள் நந்தினிக்குச் சிக்கல் எதுவும் இல்லை, அவளுக்கு எழுதவில்லை.

அடுத்த வாரம் பி.பி. பார்க்கப் போனேன். நந்தினி கையில் பட்டையைச் சுற்றும்போது, "நானும் ராத்திரி ஒண்ணு போடுறேன் சிஸ்டர். அக்காவுக்குக் குடுத்ததுல அத்தைதான் ஆளுக்கு ஒண்ணு குடுக்குறாக" என்றாள்.

பேச்சியம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "ஒருத்திக்கு ரெண்டு, இன்னொருத்திக்கு ஒண்ணுமே இல்லைன்னா இவ ஆத்தா வந்து என்னயக் கேக்க மாட்டாளா? நான் பழம் வாங்குனாலும் சரிபாதிதான் நர்சம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நந்தினிக்கு இது தேவையே இல்லைக்கா. மாரிக்கு ஒண்ணு பத்தாது. போன தடவை மாதிரி பி.பி. ஏறுனா, அதையும் சரிபாதியாப் பிரிப்பீங்களா?"

முத்துமாரியைப் பார்த்தேன். "உனக்கு ரெண்டுன்னு தெரியும்ல, ஏன் கேக்கல?"

"கேட்டா, தன் பிள்ளைய மட்டும் பாக்குறான்னு ஆயிரும் சிஸ்டர்."

"எனக்கு வேணாம்த்தை, அக்காவுக்கே குடுங்க" என்றாள் நந்தினி. மறுநாள் மருமகள்கள் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவரும் நான் சொன்னதையேதான் சொன்னார், என்னைவிடச் சத்தமாக. அன்று ராத்திரியிலிருந்து இரண்டு மாத்திரையும் முத்துமாரிக்கே.

ஒன்பதாம் மாதம் முத்துமாரிக்கு பி.பி. கொஞ்சம் ஏறத்தான் செய்தது. மாத்திரை போட்டால் ஏறவே ஏறாது என்று எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை. ஆபரேஷன் செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள்.

வார்டுக்குப் போனபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முத்துமாரி அதன் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. "மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன் சிஸ்டர்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாத்திரை யாருக்கு வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதையும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். வேண்டியவள் தானாகக் கேட்டு வாங்கமாட்டாள்.