அளவக்காவின் இடது கால்

பெரிய மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் அந்தச் சர்ஜிக்கல் கடையில், முதலாளியின் சுழல் நாற்காலியைச் சேர்க்காவிட்டால், உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அது வாங்க வருகிறவர்களுக்கு. பத்தொன்பது வருடங்களாக அதற்கு முன்னால் குனிந்து, கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று டேப்பைச் சுற்றி அளந்து, காலை இறுக்கிப் பிடிக்கும் உறை விற்கிறவரை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தெருவில் யாராவது சிரித்தால் அவர் பார்வை முதலில் கீழே போகும்.

கடைக்குள் ஆள் இருக்கும்வரை விற்பவர் உட்காரக் கூடாது. இது பழைய முதலாளி போட்ட விதி. உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், இவர்களுக்கு வியாபாரம் வேண்டாம் போலிருக்கிறது என்று வருகிறவர் நினைத்துவிடுவாராம். மகன் பொறுப்புக்கு வந்ததும் பெயர்ப் பலகையை மாற்றினார், விளக்குகளை மாற்றினார். விதியை மட்டும் அப்பாவின் நினைவாக வைத்துக்கொண்டார். தன் காலால் செலுத்த வேண்டியிராத மரியாதை யாருக்கும் எளிது.

வெரிகோஸ் என்கிற நரம்புச் சுருட்டைப் பற்றிச் சொல்வதற்கு அளவக்காவிடம் எப்போதும் நேரம் இருந்தது. சிலந்தி வலை மாதிரி சிவப்பும் நீலமுமாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் பார்வைக்குத்தான் கேடு, மெல்லிய ஊசி போட்டாலே மங்கிவிடும். கயிறு மாதிரிப் புடைத்து நிற்பதற்கு நரம்புக்குள் இழை விட்டு லேசரால் சுட்டு அடைப்பார்கள். முன்பு கீறி உருவி எடுத்தார்கள், இப்போதும் சிலருக்கு அதுதான். உறை எதையும் போக்காது, இருப்பதை மேலும் கெடாமல் பிடித்து வைக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மாலையில் வந்தவரானால் அளக்காமல் திருப்பி அனுப்புவார்.

“காலைல எழுந்ததும் வாங்க. இப்ப வீங்கியிருக்கும், அளவு தப்பாயிடும்.”

அவருடைய இடது காலில் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு முழங்காலின் பின்புறம் வலை விழுந்தது. பத்து வருடத்தில் அது கயிறானது. ஆறு வருடத்துக்கு முன்பு தானும் ஒரு உறை எடுத்துக்கொண்டார். காலையில் வீட்டில் சமையலும் பேருந்தும், பகலில் கடையில் ஆட்கள். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் அந்த ஒற்றை நாற்காலி காலியாகக் கிடைத்தது. பத்து மணி நேரம் நின்ற காலை அப்போது அளந்து, வந்த எண்ணை அட்டையில் எழுதிவைத்தார். அன்றிலிருந்து அவர் உறை கெண்டைக்காலில் நழுவிச் சுருண்டுகொண்டே இருந்தது. கம்பெனி சரக்கு முன்பு போல் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். அதே சரக்கைத்தான் தினமும் சிபாரிசு செய்தார் என்பது அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு மூலம். அதுவும் வீங்கிய நரம்புதான் என்பதால் வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

“நீ நின்னே கெட்ட, நான் உக்காந்தே கெட்டேன்,” என்பார். “கல்யாணத்தன்னைக்கே வேலைய மாத்திக்கிட்டிருக்கணும்.”

கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தது. பிறகு அரித்தது. பிறகு சின்னதாக ஒரு புண் வந்து இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. எதிரில் இருக்கும் மருத்துவமனையில் எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்பதற்காகவே இரண்டு பேருந்து மாறி வேறொரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் உறையின் விளிம்பில் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். மூன்றாவது விரலுக்கும் இடம் இருந்தது.

“இத யாரும்மா அளந்து குடுத்தது?”

அளவக்கா சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார்.

“கடையில ஒரு பொம்பளைங்க.”

“அந்தம்மாவுக்கு டேப் பிடிக்கவே தெரியாது. இனிமே அவங்ககிட்ட போகாதீங்க.”

சரி என்று தலையாட்டினார்.

லேசர் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், தன் காலுக்குள் சூடு நகர்வதை அவர் ஏதோ பக்கத்து வீட்டு விசேஷம் போலக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். புண் ஆறிவரும் என்றார் டாக்டர். நடக்கலாம், காலைத் தூக்கிவைத்து உட்காரலாம், ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருக்கக் கூடாது. நின்றால் மற்ற நரம்புகளும் இதே வழிக்குத்தான் போகும், புண் திரும்ப வரும். வேலையை விட்டால் வீடு ஒரு சம்பளத்தில் ஓடாது. ஆகவே கேட்க வேண்டியது ஒரு முக்காலிதான்.

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை முதலாளி கவனமாகப் படித்தார்.

“நடக்கலாம்னு போட்டிருக்கேக்கா. அப்ப நடங்க.”

பன்னிரண்டு அடிக் கடைக்குள் அவர் ஊன்றுகோல்களிலிருந்து இடுப்புப் பட்டைகள்வரை நடந்தார், திரும்பி நடந்தார். வந்தவர்கள் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தரையைத் தேடினார்கள். நான்காவது நாள் அவர் பார்வைக்கு வைத்திருந்த வீல்சேரில் உட்கார்ந்து, கால்பலகையை உயர்த்திக்கொண்டார்.

“என்னக்கா இது?”

“சாமானத்தக் காட்டறேன், தம்பி.”

சாமான் காட்டுவதற்கு விதியில் தடை இல்லை. அதைவிட, வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள், விலையில் பேரம் பேசவில்லை. தன் காலே போனவர் சொல்கிறார் என்று சொன்னதை எல்லாம் வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் முதலாளி பழைய விதியைத் திருத்தினார்.

“ஆள் இருக்கும்போது எழுந்துக்காதீங்கக்கா. நல்லா இருக்காது.”

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு நாள் இடுப்பு முறிந்த தன் அம்மாவுக்கு வீல்சேர் தேடி ஒருவர் வந்து நின்றபோது அந்த அரை மணி ஆகிவிட்டது. எழ வேண்டாம் என்று கல்லாவிலிருந்து முதலாளி கண்ணைக் காட்டினார். அளவக்கா எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். வந்தவர் அவர் காலையும் வீல்சேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு நடக்க வரும்ங்க. கால் நரம்புக்காக உக்காந்திருக்கேன். வண்டி கெட்டி, அம்மாவுக்குத் தாங்கும்.”

அவர் அதையே வாங்கினார். கடையில் இருந்தது அது ஒன்றுதான், அடுத்தது வர பத்து நாள் ஆகும். அளவக்கா தானே அதைத் தள்ளிக்கொண்டுபோய் அவர் வந்த வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலி அட்டைப்பெட்டியை இழுத்து இடது காலை அதன் மேல் வைத்தார்.

“வர்றவங்க எங்கக்கா உக்காருவாங்க?” என்றார் முதலாளி.

அளவக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நிக்கட்டும் தம்பி. அவங்களுக்கு அஞ்சு நிமிஷம்தானே.”