கடைசி முட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற அந்துவான் முசியே

அந்துவான் முசியே பத்தொன்பது வருஷம் பிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அவர் பார்த்தது சுரங்கத்துக்கு மேலே, ஹீட்டர் போட்ட அறையில், ஆட்களின் வருகைப் பதிவேடு. அந்தச் சுரங்கம் மூடியதும் புதுச்சேரிக்குத் திரும்பி, துய்மா வீதியில் ஒரு மாடி அறையில் 'தொழில்திறன் ஆலோசகர்' என்று பலகை மாட்டினார். அது 2004. குறிப்பெடுக்கும் உதவியாளனாக அவரிடம் சேர்ந்தேன். 'ஐயா' என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். எனக்கு முப்பத்தாறு வயது, பாலிடெக்னிக் படிப்பு. அவரை நம்பினேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது.

2006இல் ஆந்திராவில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் அவரை அழைத்தது. ஆளுக்கொரு விதமாக வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே முறை வேண்டும், வேகமும் வேண்டும் என்றார்கள். கீழே இறங்கி ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பார்க்க வேண்டும். முசியேவுக்கு அந்த நேரம் பார்த்து மூட்டுவலி. எட்டு நாளும் ஸ்டாப்வாட்சோடு நான்தான் இறங்கினேன். அவர் கெஸ்ட் ஹவுசில் மீன் குழம்பு சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வெடி வைத்த பிறகு முதலில் உள்ளே போகிறவர் வடிவேல். விருத்தாசலம் பக்கத்து ஆள். தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் சரி. பொத்தென்று கேட்டால் அங்கே பாறை பிடிப்பு விட்டிருக்கிறது. நெம்பித் தள்ளிவிட்டு, கூரையைத் தாங்க மரமுட்டு கொடுப்பார். ஒரு நாள் பதினோரு நிமிஷம் ஆகும், ஒரு நாள் இருபது.

"நேரம் ஏன் ஒரே மாரி வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"பாறை ஒரே மாரி இல்லியே சார்."

இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். முசியே சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"தட்டிட்டு நின்னு கேக்கறது ஒரு வேலையா கோபி? ரெண்டு நிமிஷம் போடு. அதுக்கு மேல போனா வேஸ்ட்."

இரண்டு என்று என் கையாலேயே எழுதினேன்.

நாற்பது பக்கத்தில், பளபளக்கும் அட்டையோடு கையேடு வந்தது. ஷிப்டுக்குக் காத்திருந்த ஆட்கள் முன்னால் முசியே அதை விளக்கினார். வடிவேல் கையைத் தூக்கினார்.

"ஐயா, ரெண்டு நிமிஷத்துல எப்புடி பாக்கறதுன்னு நீங்களே ஒருதபா வந்து காட்டிடுங்க."

"நியாயந்தானே, வாங்க, நானும் வரேன்" என்றார் சுரங்க மேலாளர்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் முசியேவுக்கு மூட்டுவலியைச் சொல்ல வழியில்லை. ஹெல்மெட் போட்டு இறங்கினார். வெடித்த இடத்தில் கடைசி மரமுட்டு வரை வந்தார். அதற்கப்பால் கூரையிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் கொடுத்த கடப்பாரையோடு அப்படியே நின்றார்.

"புகை இன்னும் அடங்கல. நாளைக்குப் பாக்கலாம்."

"அடங்கி அரைமணி ஆச்சுங்க" என்றார் வடிவேல்.

அப்போதுதான் முசியே என் பக்கம் திரும்பினார். கடப்பாரையை நீட்டி, "கோபி, நீ போயி காட்டு" என்றார்.

நான் வாங்கவில்லை. கை வரவில்லை. வடிவேல் அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். கணீர், கணீர், கணீர். பிறகு பொத். ஒதுங்கி நின்று நெம்பினார். சாப்பாட்டு மேசையளவு கல் ஒன்று விழுந்தது. தூசியில் முசியே இருமுவது கேட்டது. அவர் ஏற்கெனவே இருபதடி பின்னால் போயிருந்தார். பதினான்கு நிமிஷம் ஆனது. மேலே வந்ததும் மேலாளர் கையேடுகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்.

ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரான்சிலிருந்து திரும்பியவர்கள் சங்கத்து விருந்தொன்றில் முசியே நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "அங்க லேபருக்கு டிசிப்ளினே கெடையாது" என்றார்.

"கடைசி முட்டுக்கு அந்தாண்ட நீங்க போவவே இல்லியே முசியே" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "பாலிடெக்னிக் படிச்ச பையன், பாவம்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. அரியாங்குப்பத்தில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்துவிட்டேன். அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டு ஒரு சோப்புக் கம்பெனிக்குக் கையேடு எழுதப் போனார். சோப்பு தலையில் விழாது.