அக்கா வைத்த பதினோரு புள்ளிகள்

சரக்... சரக்... சரக்...

முன்னறையிலிருந்து வந்த சத்தம் நிற்பதாக இல்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அது கிடாரா, அடிப்பிடிச்ச சட்டியா? போதும் விடுங்க! அண்ணி வர்ற நேரம்."

"வரட்டும். பாத்து அசந்து போகட்டும்."

இசைக்கருவிக் கடையில் இருபத்தாறு வருடம் பழுது பார்த்தவர் அவர். கடை மூடப்பட்ட பிறகு முன்னறையில் மேசை போட்டு அதே வேலையைத் தொடர்ந்தார். அழுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஸ்விட்ச் போர்டைத் துடைத்துவிட்டு வந்தவர். மனைவி அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'தேய்ப்பு மன்னன்'.

இன்று மேசையில் கிடந்தது அத்தானின் கிடார். ஒரு கம்பி அறுந்துவிட்டது, கம்பிகளை மட்டும் மாற்றிக் கொடு என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் பழைய கம்பிகளைக் கழற்றியதும், விரல் பதியும் பலகையில் வருடக்கணக்கான வியர்வைப் பிசுக்கு! ஒவ்வொரு கட்டமாக மெல்லிய இரும்பு நாரால் தேய்த்தார். கட்டங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டிகளின் ஓரத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். கடைசியாக இரண்டு சொட்டு எண்ணெய். மரம் புதிதாகப் பிறந்ததுபோல் கருகருவென்று மின்னியது. புதுக் கம்பிகளை ஏற்றிச் சுருதி சேர்த்தபோது வாசல் மணி அடித்தது.

அக்கா உள்ளே வந்தாள். கிடாரைப் பார்த்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எங்கடா?"

"என்னக்கா எங்க?"

"புள்ளிடா! நெயில் பாலிஷ்ல வச்சிருந்தேனே... சிவப்பு, பச்சை, மஞ்சள்!"

"அதுவா? பேரப்பிள்ளைங்க கிறுக்கினதுன்னு நெனச்சேன். போகவே மாட்டேன்னுச்சு. ரிமூவர் போட்டுத்தான் எடுத்தேன்."

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம்டா. அவருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்ததுலேர்ந்து எட்டு மாசம். நடு விரல் அசையாது, சுண்டு விரல் எட்டாது. ரெண்டே விரலை வச்சு, எங்க அழுத்தினா பாட்டு வருதுன்னு தெனம் தேடுவார். கெடச்ச எடத்துலெல்லாம் நான் ஒரு புள்ளி வப்பேன். மொத்தம் பதினொண்ணு. போன வாரம்தான் முழுப் பாட்டும் வந்துச்சு. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்டா."

தம்பியின் முகம் வெளுத்தது. "பாட்டைச் சொல்லுக்கா. அதுக்கு எங்கெங்க விரல் வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அது அஞ்சு விரல் இருக்கிறவனுக்கு! அவர் பிடிச்சது எந்தப் புத்தகத்துலயும் இல்லை. எங்கெங்க இருந்துச்சுன்னு நீ பாக்கலையா?"

"அழுக்கைத்தான்கா பாத்தேன்."

"போட்டோ ஏதாவது எடுத்தீங்களா அண்ணி?" மனைவி கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"தெனமும் கண்ணு முன்னாடி இருக்கறதை யாரும்மா போட்டோ எடுப்பா?"

"அத்தானுக்கு ஞாபகம் இருக்குமே?"

"காலைல சாப்பிட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. நெறத்தைப் பாத்துத்தான் விரலையே வப்பார்."

தம்பி பூதக்கண்ணாடியை எடுத்தார். விளக்கைச் சாய்த்தார். கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கினார். இரண்டாம் கட்டத்தில் ஒரு சிவப்புத் துளியாவது? ஐந்தாம் கட்டத்தில்? மரத்தின் துளைகளுக்குள் ஊசி முனையால் தேடினார். கண்ணில் நீர் முட்டியது. ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் இத்தனை சுத்தமாக அவர் எந்தப் பலகையையும் துடைத்ததில்லை. பாவி! ஒரு ஓரத்திலாவது அரைகுறையாக விட்டிருக்கக் கூடாதா? ஊசியை மேசையில் எறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது.

"கம்பியை மட்டும்னு சொன்னேன்ல?" அக்காவின் குரலில் இப்போது கோபம்கூட இல்லை. "ஒரு தடவை சொன்னா உன் காதுல ஏறாதாடா?"

"நான் வர்றேன்க்கா. தெனம் சாயங்காலம் வந்து அத்தான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாத் தேடறேன்."

"அவர் மறுபடியும் தேடுவார்னு யார் சொன்னா? இதைத் தொடவே மாட்டேன்னுட்டார்னா?"

தம்பி கம்பிகளை மறுபடி முறுக்கி ஏற்றினார். இரண்டு முறை சுருதி தப்பியது. உறையில் வைத்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

"அத்தான்கிட்ட நானே சொல்லட்டுமா?"

"வேண்டாம். மொதல்ல அவர் முகத்தை நான் பாக்கறேன். நீ வரணுமா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்."

தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் அவள் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மனைவி வந்து, அவரை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினாள்.